நுண்பாசி: பயனும் அளவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடல் நலத்துக்கும் தொழிலுக்கும் ஒருங்கே பயன்படத்தக்க பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் பாசி. பாசி என்றதும் சிலர் முகத்திற் புன்முறுவல் தோன்றுதலைக் காண்கின்றோம். குளத்துப் படியில் நம்மை வழுக்கி வீழ்த்துவதும் தொட்டி நீரைப் பச்சையாக்குவதுமாகிய அப்பொருளைப் பற்றிப் பேசுதற்கு யாதுளது என எண்ணுதல் இயல்பே. ஆயினும் இன்று அது பொடியாகியும் மாத்திரையாகியும் நம் இல்லங்களுட் புகுந்துவிட்டது. பருப்புக்கும் இறைச்சிக்கும் மாற்றாகும் புரதம் இதுவே என்று போற்றுவாருளர். மண்ணில் மக்கும் பிளாஸ்டிக்கை இதிலிருந்து ஆக்கலாம் என்பாரும் உளர். தொட்டி கட்டி இதனை வளர்த்துப் பொருளீட்டக் கருதும் இளைஞரும் நம்மிடையே உளர். தாய்மார் செலவிடும் பணம், குழந்தைகளின் உடல்நலம், இளைஞர் இடும் முதல் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கியிருத்தலின், இதன் மெய்ம்மையை ஆராய்தல் நம் கடமையாகின்றது.

எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். நுண்பாசியைப் பற்றி இன்று பரப்பப்படுஞ் செய்திகளிற் பெரும்பாலன பொய்யல்ல. அவற்றின் குறையெல்லாம் அளவைக் கூறாமையே. எவ்வளவு உண்டால் எவ்வளவு பயன், எப்பொருளோடு கலந்தால் மக்கும், எவ்விடத்தில் எத்தனை நாளில் மக்கும், எவ்வளவு முதலிட்டால் எவ்வளவு விளையும் என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின் அதனை மேற்கொள்வோமாயின் பாசி நமக்கு நன்மை தரும். வினவாது மேற்கொள்வோமாயின் பணமும் நலமும் இழப்போம். எம் உரை முழுவதும் இவ்வொரு கருத்தின் விரிவேயாகும்.

நுண்பாசி யாதெனின், தனித்து நோக்கின் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர். அதற்கு வேரில்லை, தண்டில்லை, இலையில்லை, பூவுமில்லை. ஓர் உயிரணுவோ, உயிரணுக்கள் சில கோத்த ஓர் இழையோ அதன் முழு உடம்பாகும். மரஞ்செடிகள் செய்யுந் தொழிலையே அதுவுஞ் செய்கின்றது. ஞாயிற்றின் ஒளியையும், நீரையும், கரியமில வாயுவையுங் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளுகின்றது. நெற்பயிர் தான் ஈட்டியதில் பெரும்பங்கினை வேருக்கும் தாளுக்கும் செலவிடுகின்றது. பாசிக்கு அச்செலவு இல்லை. ஆதலின் விரைந்து பெருகுகின்றது.

ஈண்டு ஒரு சொல்மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். கடைகளிற் கடற்பாசி எனப் பெயர்பெற்று விற்கப்படும் அகர், கடலிற் கையாற் பறிக்கத்தக்க பெரும்பாசிகளினின்று எடுக்கப்படுவது. இராமநாதபுரக் கடற்கரை மகளிர் மூழ்கி எடுத்துவருவதும் அவ்வினமே. யாம் பேசவந்தது நீரிற் கலந்து மிதக்கும் நுண்பாசிகளைப் பற்றியாகும். அவற்றுள்ளும் சிறப்பாக ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியை எடுத்துக்கொள்வோம். பூதக்கண்ணாடியில் நோக்கின் அது திருகாணிபோற் சுருண்டிருக்கும். அறிவியலார் அதற்கு ஆர்த்ரோஸ்பைரா எனப் பெயரிட்டு, பாக்டீரியா இனத்தோடு சேர்த்து வைத்துள்ளனர். எனினும் உலக வழக்கில் அது பாசியே. நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இது புதுவது புனைந்த உணவன்று. 1521ஆம் ஆண்டில் ஸ்பானியர் மெக்சிகோவின் தலைநகரைக் கைப்பற்றியபோது, டெக்ஸ்கோகோ ஏரியிலிருந்து மக்கள் நுண்ணிய வலைகளாற் பாசியை வழித்தெடுத்து, உலர்த்தி, அடைகளாக்கிச் சந்தையில் விற்றமையை அவர்களே எழுதிவைத்துள்ளனர். அதன் சுவை பாலாடைக்கட்டியை ஒத்திருந்ததென்பதும் அவர்தம் குறிப்பு. ஆப்பிரிக்காவிலும் இவ்வழக்கம் உண்டு. சாடு ஏரியை அடுத்த கானெம் நாட்டிலுள்ள உவர்நீர்க் குட்டைகளில் இப்பாசி தானே விளைகின்றது. பெண்டிர் அதனை அள்ளி வடிகட்டி, மணலிற் குழிவான பாத்திகள் செய்து அவற்றுட் பரப்பி உலர்த்துவர். மணல் நீரை உறிஞ்ச, வெயில் எஞ்சியதை உலர்த்த, பச்சை அடைகள் கிடைக்கும். இதற்கு டிஹே என்று பெயர். 1940ஆம் ஆண்டில் தான்ஷார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை ஆராய்ந்து எழுதினார்; போர்க்காலமாதலின் அஃது எவர் கண்ணிலும் படவில்லை. 1964-65ஆம் ஆண்டிற் சகாராப் பாலையைக் கடந்த பெல்ஜிய ஆராய்ச்சிக் குழுவிற் சென்ற லெயோனார் என்னும் தாவர நூலறிஞர், அந்நாட்டுச் சந்தைகளிற் பச்சை அடைகளைக் கண்டு மீண்டும் உலகுக்கு அறிவித்தார்.

அவர்கள் அதனை எவ்வாறு உண்கின்றனர் என்பது கருதத்தக்கது. கம்பு முதலிய சிறுதானியக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பிலேயே டிஹேயைக் கரைக்கின்றனர். ஒருவர் ஒருவேளைக்கு உண்பது ஏறக்குறைய 9 முதல் 13 கிராம் வரை என அளந்து கண்டுள்ளனர். நாம் சோற்றோடு கீரையைக் கொள்ளுவதுபோல அவர்கள் களியோடு பாசியைக் கொள்ளுகின்றனர் என்க. பாசியையே சோறாக உண்டார் அங்கும் இலர்.

நிற்க. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பெருகிவரும் மக்கட்டொகைக்கு உணவெங்கே என்னும் அச்சம் உலகைப் பற்றியது. அக்காலத்தில் குளோரெல்லா என்னும் பிறிதொரு நுண்பாசியின்பால் அறிஞர் நம்பிக்கை வைத்தனர். அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தார் பொருளுதவ, 1951ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திற் குளோரெல்லாவை வளர்த்துப் பார்த்தனர். ஜப்பானில் டாமியா என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டத்தாரும் அவ்வாறே முயன்றனர். இவற்றின் முடிவுகள் 1953இல் நூலாகவும் வெளிவந்தன. இனி வயல்கள் வேண்டா, குழாய்களிலே உணவு விளையும் எனச் செய்தித்தாள்கள் எழுதின. விளைந்தது உண்மை. ஆயினும் அதனை நீரினின்று பிரிக்கவும், உலர்த்தவும், அதன் கடினமான தோலை உடைத்துச் செரிக்கத்தக்கதாக்கவும் ஆன செலவு, சோயாவுக்கும் கோதுமைக்கும் ஆகுஞ் செலவைவிட மிகுந்து நின்றது. அதற்குள் வயல்களிலேயே தானிய விளைச்சலும் பெருகிவிட்டது. உலகத்துப் பசியைத் தீர்க்கப் புறப்பட்ட குளோரெல்லா, ஜப்பானியர் விரும்பி வாங்கும் உடல்நல மாத்திரையாக முடிந்தது. இன்று நாம் கேட்கும் புகழுரைகளை ஏழுபது ஆண்டுகட்கு முன்னரே உலகம் ஒருமுறை கேட்டுளது என்பதை மறத்தலாகாது.

இனி நம் நாட்டு முயற்சியைக் காண்போம். குளோரெல்லாவைப் போலச் சுருள்பாசிக்குக் கடினமான தோல் இல்லை, எளிதிற் செரிக்கும். அதன் இழைகள் நீண்டு சுருண்டிருத்தலின் துணியிலேயே வடிகட்டலாம். வெப்பமும் உவர்நீரும் அதற்கு உகந்தவை. ஆதலின் தமிழ்நாட்டுக்கு அது பொருந்தும் எனக் கண்டு, சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தார் சி. வி. சேஷாத்திரி என்னும் அறிஞரின் தலைமையில் அதனைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். மண்பானைகளைக் கழுத்தளவு நிலத்திற் புதைத்து, சாண எரிவாயுக் கலத்தினின்று வெளிவரும் கழிவுக் கரைசல், கடலுப்பு, சமையற் சோடா முதலியவற்றை நீரிற் சேர்த்து, நாளைக்கு மூன்று நான்கு முறை கலக்கிவிட்டு, முதிர்ந்தபின் துணியில் வடிகட்டிச் சட்டினியிலோ தயிரிலோ கறியிலோ சேர்த்து உண்ணும் முறையை அந்நிலையத்தார் வகுத்தனர். வீட்டுப் பெண்மணி தானே செய்துகொள்ளத்தக்க எளிமை அம்முறையின் சிறப்பு.

அந்நிலையத்தார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் பள்ளிப்பருவம் எய்தாத ஏறத்தாழ 5,000 குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் சுருள்பாசி கொடுத்து ஆராய்ந்து, 1993இல் அறிக்கை வெளியிட்டனர். வைட்டமின் ஏ குறைவினாற் கண்வெள்ளையில் தோன்றும் நுரைபோன்ற புள்ளிகள் அக்குழந்தைகளிடம் குறைந்தன என்பது அவ்வறிக்கையின் செய்தி. அக்குறைவு முற்றின் குழந்தை பார்வையையே இழக்கும் என்பதைத் தாய்மார் அறிவர். பின்னர்ப் புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரிற் பாரி நிறுவனத்தார் இதனைப் பெருங்குளங்களில் வளர்த்து அயல்நாடுகளுக்கும் அனுப்பலாயினர். ஆகவே சுருள்பாசி நமக்கு அயலதன்று. நம் மண்ணிலே விளைந்து, நம் குழந்தைகளுக்கு ஊட்டப்பெற்ற பொருளேயாகும்.

இப்பொழுது அளவைக் கோலைக் கையில் எடுப்போம். உலர்ந்த சுருள்பாசியில் நூற்றுக்கு 60 பங்கு புரதம் என்கின்றனர். இஃது உண்மை. துவரம்பருப்பில் நூற்றுக்கு 22 பங்கே உளது, இதுவும் உண்மை. இவ்விரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் பாசி பருப்பினும் ஏறக்குறைய மும்மடங்கு சிறந்ததெனத் தோன்றும். ஆனால் நாம் பருப்பை உண்பதெவ்வளவு, பாசியை உண்பதெவ்வளவு? ஒரு கைப்பிடியாகிய 25 கிராம் பருப்பில் ஐந்தரைக் கிராம் புரதம் உளது. அரைக் கிராம் எடையுள்ள பாசி மாத்திரை ஒன்றில் உள்ள புரதம் 0.3 கிராமே. அக்கைப்பிடிப் பருப்புக்கு ஈடு செய்யப் பதினெட்டு மாத்திரை விழுங்கல் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆடவனுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் கணக்கு. அதனை மாத்திரையாலேயே பெறக் கருதுவான் நாளொன்றுக்கு 180 மாத்திரை உண்ண வேண்டியவனாவான்! அவ்வாறு உண்ணுதல் நன்றுமன்று. நுண்ணுயிர்களின் உடலில் நியூக்ளிக் அமிலம் மிகுதி. அஃது உடலில் யூரிக் அமிலமாக மாறுமாதலின், மூட்டுவலி நோயினர் சிறப்பாக அஞ்சுதல் வேண்டும்.

அற்றேல், பாசியால் யாது பயன் என்பீராயின், அதே அளவைக் கோல் அதற்கும் விடை கூறும். ஒரு கிராம் பாசியிற் புரதம் சிறிதாயினும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சட் பொருள் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை உளது. சிறு குழந்தையின் ஒருநாட் தேவையில் அது கணிசமான பங்காகும். நன்கு பேணப்படும் தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம் உலர்பாசி விளையும். இருபது சதுர மீட்டர்த் தொட்டி, அதாவது நம் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையளவுள்ள தொட்டி, நாளொன்றுக்கு 160 கிராம் தரும். அஃது 160 குழந்தைகளுக்குத் தலைக்கு ஒரு கிராம் ஆகும். அதே 160 கிராமைப் புரதத்துக்காக உண்ணப் புகின் இரண்டு ஆடவர்க்கும் போதாது. பருப்புக்கு மாற்றாக எண்ணின் பாசி வறிய பொருள். கீரைக்குத் துணையாக எண்ணின் செல்வப் பொருள். முருங்கைக் கீரை கொல்லையிலே நிற்கும் வீட்டில் அத்துணையும் இன்றியமையாததன்று என்பதையும் தாய்மார் கருதுக.

சைவ உணவினர் வேறொன்றும் அறிதல் வேண்டும். வைட்டமின் பி12 மரக்கறியிற் கிடையாமையின், பாசி அக்குறையை நிரப்பும் எனச் சிலர் எழுதுகின்றனர். சுருள்பாசியிற் பி12 போன்ற பொருள் உண்டு. ஆயினும் அதிற் பெரும்பகுதி நம் உடல் ஏற்றுப் பயன்படுத்தவியலாத போலி வடிவம் என ஆராய்ந்து கண்டுள்ளனர். அதனை நம்பிப் பாலையும் தயிரையும், மருத்துவர் கொடுத்த மருந்தையும் விடுவது கேடாகும். மேலும், தூய்மையற்ற குளத்தில் வளர்ந்த பாசி, ஈயம் முதலிய கன உலோகங்களை ஈர்த்துக்கொள்ளும். நஞ்சுமிழும் பிற பாசிகளும் அதனோடு கலக்கக்கூடும். ஆதலின் எவ்விடத்தில் விளைந்தது, யார் சோதித்தனர் என்று கேளாது குழந்தையின் வாயில் இடற்க.

இனி விளைச்சற் கணக்கு. ஓர் ஏக்கர்ப் பரப்புள்ள குளத்தில் மேற்கூறிய கணக்குப்படி நாளொன்றுக்கு 32 கிலோவும், ஆண்டில் 300 நாளைக்கு 9½ டன்னுக்குச் சற்று மேலும் உலர்பாசி கிடைக்கும். நம் நாட்டில் ஓர் ஏக்கர்ச் சோயா ஒரு போகத்திற் சராசரியாக 400 கிலோ அளவே தரும். இவ்வேற்றுமையைக் கேட்ட இளைஞர் உள்ளம் கிளர்தல் இயல்பே. ஆனால் அப்பாசி வெறுநீரில் விளைந்துவிடாது. 1966ஆம் ஆண்டிற் பிரான்சில் சாருக் என்பார் வகுத்ததும் இன்றளவும் வழங்குவதுமாகிய முறைப்படி, லிட்டர் ஒன்றுக்கு 16.8 கிராம் சமையற் சோடா இடுதல் வேண்டும். ஓர் ஏக்கர்க் குளத்தில் ஒரு சாண் அளவாகிய 20 சென்டிமீட்டர் ஆழம் நீர் நிறுத்தினால் எட்டு லட்சம் லிட்டர் ஆகும். அதற்கு முதன்முறை இடவேண்டிய சோடா மட்டும் 13½ டன். அறுவடைக் காலத்திலும் லிட்டருக்கு அரைக் கிராம் அளவே பாசி இருக்குமாதலின், ஒரு கிலோ பெற ஏறத்தாழ 2,000 லிட்டர் நீரை வடிகட்டல் வேண்டும். பிழிந்தெடுத்த விழுதிலும் ஐந்தில் நான்கு பங்கு நீரே. அதனைக் கெடாமுன் உலர்த்தும் செலவு தனி.

இவற்றினும் ஆழ்ந்த செய்தி ஒன்றுளது. புரதம் உண்டாதற்கு நைட்ரஜன் இன்றியமையாதது. துவரையும் உளுந்தும் தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் அதனைக் காற்றினின்றே பெறுகின்றன. நிலத்துக்கும் மிச்சம் வைத்துச் செல்லுகின்றன. சுருள்பாசிக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரு கிலோ பாசி விளைய ஏறத்தாழ 100 கிராம் நைட்ரஜனை நாம் உரமாக இடுதல் வேண்டும். ஓர் ஏக்கர்க் குளத்துக்கு ஆண்டொன்றுக்கு ஆவதை யூரியாக் கணக்கிற் பார்ப்பின் இரண்டு டன்னுக்கு மேலாகும். காற்றிலிருந்தே புரதம் விளைகின்றது என்பார் கூற்றின் பின்னே ஓர் உர ஆலை மறைந்து நிற்கின்றது. காற்றிலிருந்து புரதம் ஆக்கும் வித்தையை நம் பாட்டனார் உழுத துவரங்காடே நன்கு அறியும்.

நிற்க. பிளாஸ்டிக்கைப் பற்றிய பகுதிக்கு வருகின்றோம். 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளைத் தமிழ்நாட்டு அரசினர் தடைசெய்தனர். நம்மவருட் பலர் கடைகள் நடத்துவோராதலின், மாற்றுப் பை எது என்னும் வினா நாள்தோறும் எழுகின்றது. அவ்விடத்திலும் பாசி முன்வந்து நிற்கின்றது.

நுண்ணுயிர் பிளாஸ்டிக் ஆக்குமோ எனின், ஆக்கும். 1926ஆம் ஆண்டிற் பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்த லெமாய்ன் என்னும் அறிஞர், ஒருவகைப் பாக்டீரியா தன் உடலிற் கொழுப்புப்போற் சேமித்துவைக்கும் பொருளொன்றைக் கண்டார். அதன் பெயர் பாலிஹைட்ராக்சி பியூட்டிரேட். உருக்கி அச்சில் வார்த்தால் அது பிளாஸ்டிக். மண்ணிலும் கடலிலும் உள்ள நுண்ணுயிர்களுக்கு அது தீனி. சர்க்கரையூட்டி வளர்த்த பாக்டீரியாவிலிருந்து இவ்வினப் பொருளை ஓர் ஆங்கில நிறுவனத்தார் ஆக்க, 1990இல் ஜெர்மனியில் ஷாம்பூக் குப்பியாக அது விலைக்கு வந்தது. விலையோ எண்ணெயிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்கைப்போற் பலமடங்கு. பத்தாண்டு நிறைவதற்குள் அம்முயற்சி ஓய்ந்தது. சர்க்கரைக்கு மாறாக வெயிலையுண்டு வாழும் பாசியினத்தையே இதற்குப் பயன்படுத்தலாகாதோ என்பது பின்வந்தார் எண்ணம். இயல்பில் அவை இப்பொருளைச் சிறிதளவே சேமிக்கும். 2020இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தார் அவ்வினத்துள் ஒன்றன் மரபணுக்களை மாற்றி, அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இப்பொருளாகுமாறு செய்துகாட்டினர். இது போற்றத்தக்க அருஞ்செயலே. எனினும் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் நிகழ்ந்தது, ஆலையில் நிகழ்ந்ததன்று.

ஈண்டு ஒரு நுட்பத்தை உற்று நோக்குக. பாசி எப்பொழுது இவ்வாறு சேமிக்கின்றது? நைட்ரஜன் கிடையாத பஞ்சகாலத்தில். உரம் நிறைந்துள்ளபோது அது புரதம் ஆக்கிப் பெருகும். உரம் அற்றபோது பெருகுதலை நிறுத்தி, கிடைத்த ஒளியின் பயனைக் கொழுப்பாகவோ மாவாகவோ மேற்கூறிய பிளாஸ்டிக் பொருளாகவோ கட்டிவைக்கும். ஆகவே ஒரே நீரில், ஒரே காலத்தில், புரதமும் பிளாஸ்டிக்கும் நிரம்பப் பெறுதல் இயலாது. ஒரு கையிற் புரதம், மறு கையிற் பிளாஸ்டிக் என இரட்டை ஊதியம் காட்டுவார் கணக்கில், ஒரே பசு ஒரே வேளையில் பாலுங் கறந்து ஏரும் இழுக்கின்றது!

அடுத்த வினா, எதனோடு கலந்தது என்பது. பாசியால் ஆன பொருள் என்னும் பெயரோடு வருவனவற்றுட் சில, பாசிப் பொடியைச் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு கலந்து ஆக்கியவை. காலணியின் மெத்தைப் பகுதிக்கு அவ்வாறு கலக்கின்றனர். குளத்தைக் கெடுக்கும் வீண்பாசி பயன்படுகின்றது, எண்ணெய்ச் செலவு குறைகின்றது என்பன நன்மைகளே. ஆயினும் அதிலுள்ள பாசி மக்கினாலும் மற்றைப் பகுதி மக்காது. உயிர்ப்பொருளினின்று வந்தது வேறு, மண்ணில் மக்குவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதலே இத்துறையின் பெருமயக்கம். இதற்கு மாறாக, அமெரிக்காவிற் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், பாசி எண்ணெயை மூலமாகக் கொண்டு முற்றிலும் மக்கத்தக்க ஒருவகைப் பாலியூரித்தேனை ஆக்கினர். அதனையும் சாதாரணப் பிளாஸ்டிக்கையும் நுண்துகளாக்கி எருவில் இட்டு ஒப்பிட்டு, 2024இல் முடிவை வெளியிட்டனர். 90 நாளில் பாசிப் பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு 68 பங்கும், 200 நாளில் 3 பங்கும் மட்டுமே எஞ்சின. சாதாரணப் பிளாஸ்டிக்கோ ஏறத்தாழ முழுவதும் அப்படியே கிடந்தது. நாளும் அளவும் இடமும் கூறும் இத்தகைய சொல்லே நம்பத்தக்க சொல்.

மூன்றாம் வினா, எங்கே மக்கும் என்பது. எருவாகும் பிளாஸ்டிக்குக்கு வகுத்த தரவிதி, 58 டிகிரி வெப்பமுள்ள எருக்குவியலில் 180 நாளுக்குள் நூற்றுக்கு 90 பங்கு மக்குதல் வேண்டுமென்கின்றது. நம் வீட்டுக் குப்பைக்குழி அவ்வெப்பத்தை எய்தி நிலைத்திருப்பது அரிது. மக்கும் எனக் கூறப்படும் பை சாக்கடையிற் கிடந்தாலும், மாட்டின் வயிற்றிற் புகுந்தாலும், மற்றைப் பையைப் போலவே தீங்கு செய்யக்கூடும். ஆதலின் கடை நடத்தும் அன்பர்கள், விற்பவனது வாய்ச்சொல்லை ஏற்காது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் அவ்வுற்பத்தியாளர்க்குக் கொடுத்த சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்க. துணிப்பைக்கு இவ்வினாக்கள் ஒன்றும் வேண்டா என்பதையும் நினைவிற் கொள்க.

அன்பர்களே! ஆய்ந்தவற்றைச் செயலுக்குக் கொண்டுவருவோம். தாய்மார்களுக்கு எம் வேண்டுகோள்: பாசிப் பொடியை வாங்கக் கருதின், முதலில் வீட்டிற் பருப்பும் கீரையும் பாலும் குறைவின்றி உளவோ எனப் பாருங்கள். அவற்றைக் குறைத்து மாத்திரை வாங்குதல், வேரை வெட்டி இலைக்கு நீர் தெளிப்பதை ஒக்கும். வாங்குவதாயின், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தாரின் 14 இலக்க உரிம எண் உள்ளதோ என நோக்குங்கள். பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறையுள்ள குழந்தைக்கு இதனைக் கொடுத்தலாகாது. கருவுற்றோரும் நோயுற்றோரும் மருத்துவரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

இளைஞர்களுக்கு எம் வேண்டுகோள்: முதலில் சிறு தொட்டி, பின்னரே குளம். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அத்தொட்டியோடு கழியுங்கள். வெயிலில் நீர் சுண்டுவதும், மழையில் உவர்த்தன்மை இளகி வேற்றுயிர்கள் புகுவதும் அப்பொழுதுதான் கண்கூடாகும். விற்குமிடத்தை அறிந்தபின் விளைவியுங்கள். விளைந்ததையெல்லாம் யாமே வாங்கிக்கொள்வோம் என்று வாக்களித்து, விதைப்பாசியும் கருவியும் விற்க வருவாரிடம், விலை, அளவு, காலம் மூன்றையும் எழுத்திற் பெற்று, அறிந்தாரிடம் காட்டுங்கள். வீட்டையோ மனைவியின் நகையையோ ஈடுவைத்து இத்தொழிலிற் புகாதீர்கள். கைப்பொருளில் ஒரு பகுதி போயினும் மீளலாம். குடியிருப்புப் போயின் மீளுதல் அரிது.

சங்கத்தார்க்கும் ஒன்று கூறுவோம். மேலே கணக்கிட்ட இருபது சதுர மீட்டர்த் தொட்டி ஒன்றைச் சங்கத்தின் பொறுப்பில் அமைத்து, ஓராண்டு வரவுசெலவை ஒளிவின்றி எழுதி, விளைந்ததை ஆய்வுக்கூடத்திற் சோதிப்பித்து, அக்கணக்கினை இப்பத்திரிகையிலேயே வெளியிடுவோமாயின், நூறு விளம்பரங்கள் கூறாததை அவ்வொரு கணக்குக் கூறும். ஊதியம் வருமாயின் இளைஞர் துணிந்து இறங்குவர். வாராதாயின் பல குடும்பங்களின் பொருள் காக்கப்படும். சோதனையில் நன்றெனக் கண்ட பாசியை மருத்துவர் சொற்படி நம் ஊர்க் குழந்தைகளுக்கு வழங்கலாம். அக்குழந்தைகள் எவ்வீட்டாராயினும் ஆகுக.

பாசியை வழிபடவும் வேண்டா, வழுக்குமென்று வெறுக்கவும் வேண்டா, அளந்து கொள்வோம்.